பலகையில் பல கை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் டிடிபி, பிளெக்ஸ், போர்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குறுக்குத் தெரு வழியாக நடந்து வந்தபோது, புதிதாக மாட்டிய பலகை ஒன்றைப் பார்த்தேன். லேத் பட்டறை. மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து. தெருமுனையிலிருந்தே கண்ணில் விழுகிற மாதிரி நல்ல தடிமன். அடியில் விலாசம். ஒரு வரி ‘அம்பத்தூர் தொழில்துறை தோ’ என்று முடிகிறது. அடுத்த வரி ‘ட்டம், சென்னை 600 058’ என்று தொடங்குகிறது.

நின்று இரண்டு தடவை படித்தேன். பட்டறைக்காரரிடம் கேட்டபோது, “இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன் சார், கடையில போன்ல போட்டுத் தமிழாக்கிட்டாங்க” என்றார். அவருக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பணம் கொடுத்தாகிவிட்டது, பலகையும் ஏறிவிட்டது. இனி ஐந்தாறு வருடம் அது அங்கேதான் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வருகிற பிள்ளைகள் அதைத்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் அச்சகத்தில் 31 வருடம் புரூப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, பேஜ்மேக்கர் காலத்தில் ஓய்வு பெற்றேன். உங்கள் வேலையின் அவசரம் எனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, சாவு என்று எல்லோரும் ‘இப்பவே வேணும்’ என்றுதான் வந்து நிற்பார்கள். அந்த அவசரத்திலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வரி முடிகிற இடத்தில் ஒரு சொல்லை உடைப்பதற்கு முன், அந்தச் சொல் எங்கே மூட்டியிருக்கிறது என்று ஒரு நொடி பாருங்கள். மூட்டு தெரிந்தால் வெட்டும் இடம் தெரியும். அங்கே போடவேண்டிய சொல் அதுதானா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அந்தப் பலகையில் ‘தோட்டம்’ ஆகிவிட்ட எஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர் ‘எஸ்டேட், எஸ்டேட்’ என்று கூப்பிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. பிரஸ், லேத், முலாம், பிளாஸ்டிக் என்று சின்னச் சின்ன ஆலைகளின் ஊர். வால்பாறைக்காரரிடம் இதே சொல்லைச் சொன்னால் அவர் தேயிலையை நினைப்பார். ரியல் எஸ்டேட்காரருக்கு அது மனை. வக்கீலுக்கு, இறந்தவர் விட்டுப்போன சொத்து. அப்படிச் சொத்து கைமாறும்போது வசூலிக்க ‘எஸ்டேட் டியூட்டி’ என்று ஒரு வரியே நம் நாட்டில் இருந்தது; 1953-ல் வந்து 1985-ல் போனது. இன்னும் பழைய ஆவணங்களைப் புரட்டினால் எஸ்டேட் என்பது ஜமீன். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை ஊரில் எல்லோரும் ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். பத்திரிகைத் துறையை ஆங்கிலத்தில் நான்காவது எஸ்டேட் என்பார்கள். தமிழில் அது நான்காவது தூண் ஆகிவிட்டது.

பேட்டை, தோட்டம், மனை, சொத்து, ஜமீன், தூண். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் இத்தனை. அகராதியில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடலாம் என்று தோன்றும். போட முடியாது. தோட்டம் என்ற சொல் மலையகத்தில் இருப்பவர்களுக்கு வெறும் செடி கொடி இல்லை. இலங்கையில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் அந்தச் சொல்லில் லயத்து வீடும் கொழுந்துக் கூடையும் நாலைந்து தலைமுறை உழைப்பும் சேர்ந்தே வரும். கிரீஸ் படிந்த கையோடு லேத் ஓட்டுகிறவரின் தெருவுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டினால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது. எந்த இடத்தில் எந்தச் சொல் நிற்கும் என்பது அந்த இடத்தில் புழங்குகிறவருக்குத்தான் தெரியும். எஸ்டேட் பஸ்ஸில் தினம் போய் வருகிற உங்களுக்கு அது போனைவிட நன்றாகத் தெரியும்.

எஸ்டேட் என்ற சொல்லின் மூட்டையும் பாருங்கள். லத்தீனில் நிலை, இருப்பு என்ற பொருளில் ஸ்டேட்டஸ் என்று ஒரு சொல் இருந்தது. ‘ஸ்’ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல் தொடங்குவது பின்னாளில் பிரான்ஸ் பக்கத்து மக்கள் வாய்க்குக் கடினமாக இருந்தது. முன்னால் ஓர் ‘எ’ வைத்து ‘எஸ்ட்’ என்று உருட்டிக்கொண்டார்கள். பழைய பிரெஞ்சு வழியாக அந்த ‘எ’யோடு ஆங்கிலத்துக்கு வந்தது எஸ்டேட். ‘எ’ இல்லாமல் நிற்பது ஸ்டேட். இரண்டும் ஒரே சொல். நம் பாட்டிமார்கள் இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொன்னபோது செய்ததும் இதுவேதான். அந்த ‘இ’யைக் கேட்டு யாரும் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டியதில்லை. பாரிஸ்காரர்கள் செய்தது இலக்கணமாகி, நம் பாட்டி செய்தது கொச்சையாகிவிட்டது.

ஆங்கில அகராதிக்காரர்கள் இந்தச் சொல்லை எஸ், டேட் என்று இரண்டாகப் பிரித்துப் புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். வரி போதாமல் போனால் அங்கேதான் ஒரு சின்னக் கோடு போட்டு உடைக்கவேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. தமிழ் அகராதியில் அப்படி ஒன்றும் கிடையாது. நமக்குத் தேவைப்படவும் இல்லை. ஓலையில் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடம்கூட விடவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. ஓலை முடிகிற இடத்தில் வரி முடிந்தது. படிக்கிறவர்தான் பதம் பிரித்துக்கொண்டார். அச்சு வந்த பிறகும் பல தமிழ்ப் புத்தகங்கள் வரிக்கடைசியில் கோடு போடாமலே சொல்லைத் தொடர்ந்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயின. ஆனால் எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்கள் ஒரு கட்டுப்பாட்டை விடவே மாட்டார்கள். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது. ‘தோ’ மேலேயும் ‘ட்டம்’ கீழேயும் என்பது அவர்கள் கையில் நடக்காது. மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொன்னதை அவர்களில் பலர் படித்ததில்லை. கண் ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவர்கள் கைப்பழக்கம். கொ என்ற ஓர் எழுத்துக்கு கொம்பு, க, கால் என்று மூன்று ஈயத் துண்டுகளை எடுத்துக் கோக்கவேண்டும். மூன்றையும் கையில் பிடித்த ஸ்டிக் என்ற தட்டில் ஒன்றாகத்தான் வைப்பார்கள். வரி நிரம்பிவிட்டால் மூன்றும் சேர்ந்து கீழே போகும்.

இன்றைக்கு உங்கள் திரையில் அந்தக் கொ ஏன் பிரிகிறது என்றால், குற்றம் உங்களுடையது மட்டும் இல்லை. நம் வட்டாரத்துக் கடைகளில் பாதிக்கு மேல் இன்னும் யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபாண்டுகளில்தான் வேலை நடக்கிறது என்பதை நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஃபாண்டில் உங்கள் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். கொம்பு ஒரு தனி எழுத்து, க ஒரு தனி எழுத்து, கால் ஒரு தனி எழுத்து. வரி போதாவிட்டால் கொம்பை மேலே விட்டுவிட்டுக் க-வைக் கீழே தள்ளுவதில் அதற்கு ஒரு தயக்கமும் வராது. பேஜ்மேக்கரில் ஹைபனேஷன் அணைக்காமல் இருந்தால், தமிழ்ப் பத்தியை ஆங்கிலம் என்று நினைத்து ஆங்கில விதிப்படி உடைத்து வைக்கும். என்னிடம் வந்த புரூப் ஒன்றில் ஒரே பக்கத்தில் 11 இடத்தில் இப்படி உடைந்திருந்தது. டைப் செய்த தங்கை அழுதுவிட்டாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஹைபனேஷனை அணைத்தோம், பக்கம் நேரானது.

யூனிகோடில் கொ என்பது கலையாது. அதற்கென்று எழுதப்பட்ட வெட்டு விதிகளும் உண்டு. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் சேர்ந்திருக்கிற, மலையாளப் பொறியாளர் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு எழுதிக் கொடுத்த விதிகளில் தமிழும் இருக்கிறது. எந்த எழுத்துக்குப் பிறகும் உடைக்கலாம், ஆனால் புள்ளி எழுத்துக்கு முன்னால் உடைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். நம் கம்பாசிட்டர்கள் சொன்னதும் அதுவே. ஆனால் அந்த விதிக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. தொழிற்பேட்டையை ‘தொழிற்பேட்’ ‘டை’ என்று உடைத்தாலும் அது சரி என்றே சொல்லும். மிச்ச வேலை உங்கள் கண்ணுக்குத்தான்.

பேட்டை நமக்குப் புதுச் சொல் இல்லை. வணிகர்கள் சரக்கோடு வந்து இறங்குகிற இடம், தொழில்காரர்கள் கூடிக் குடியேறுகிற இடம். தெலுங்கில் பேட்ட, கன்னடத்தில் பேட்டெ. சென்னையைச் சுற்றி வண்ணாரப்பேட்டை, ராயப்பேட்டை, சைதாப்பேட்டை என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் சிந்தாதிரிப்பேட்டை எனக்கு மிகவும் பிடித்தது. 1734-ல், மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளிகளையும் நூற்பவர்களையும் கொண்டுவந்து குடிவைத்த இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் வாயில் உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆனது. சின்ன, தறி, பேட்டை. மூட்டைத் தட்டிப் பார்த்தால் தறிச் சத்தம் கேட்கும். 230 வருடம் கழித்து அம்பத்தூரில் ஆலைகளை ஓரிடத்தில் கூட்டியபோது, அதே பேட்டை தொழிலோடு சேர்ந்துகொண்டது. தறி போய் லேத் வந்தது, சொல் நிலைத்தது. தொழிற்பேட்டை என்று முதலில் எழுதியவரின் கையை நான் மனதார மதிக்கிறேன்.

தொழில், பேட்டை இரண்டும் சேரும்போது ‘ல்’ ‘ற்’ ஆகிறது. வேல் சேர்ந்த காடு வேற்காடு ஆவதுபோல. திருவேற்காட்டுக் கோயிலின் தலமரம் வெள்வேல மரம் என்பதை அந்த ஒரு ‘ற்’ இன்றைக்கும் பிடித்து வைத்திருக்கிறது. ‘தொழிற்’ என்று மேல் வரியை முடித்துப் ‘பேட்டை’ என்று கீழே தொடங்கலாம். ‘தொழி’ என்று முடித்து ‘ற்பேட்டை’ என்று தொடங்கக்கூடாது. ‘பெயர்ப்’ மேலே, ‘பலகை’ கீழே. அந்த ‘ப்’ கீழே இறங்கினால் தவறு. என்னைக் கேட்டால், பலகையில் இந்தச் சொல்லை உடைக்கவே வேண்டாம். எழுத்தை ஒரு பாயின்ட் சிறிதாக்கினால் ஒரே வரியில் நின்றுவிடும். செய்தித்தாளில் பத்தி குறுகலாக இருக்கும், உடைக்காமல் முடியாது. பலகையில் அகலம் உங்கள் கையில் இருக்கிறது.

பலகை என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. நன்னூலில் பொதுமொழி என்று ஒரு வகை சொல்லியிருக்கிறார் பவணந்தி முனிவர். பிரிக்காமல் விட்டால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள். தாமரை பூ, தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை புலி, வேம், கை என்றால் வேகிற கை. தமிழ் வாத்தியார்கள் இந்த வரிசையில் தவறாமல் சொல்கிற இன்னொன்று பலகை. மரத்துண்டு, பிரித்தால் பல கை. உங்கள் தொழிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. எழுதிக் கொடுக்கிறவர், டைப் செய்கிறவர், டிசைன் போடுகிறவர், பிரின்ட் எடுக்கிறவர், சட்டம் அடிக்கிறவர், ஏணியில் ஏறி மாட்டுகிறவர். அத்தனை கை பட்டும் ஒருவர்கூட வாய்விட்டு ஒரு தடவை படிக்கவில்லை என்றால் ‘ட்டம்’ தெருவுக்கு வந்துவிடுகிறது.

என் அண்ணன் இறந்த அன்று விடிகாலை, தெரிந்த ஒரு பிளெக்ஸ் கடையின் ஷட்டரைத் தட்டினேன். உள்ளே படுத்திருந்த பையன் எழுந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டான். இடது பக்கம் அண்ணனின் படம். வலது பக்கம் கிடைத்த குறுகின இடத்தில் எழுத்து. ‘இறைவ’ ஒரு வரி. ‘னடி சேர்ந்தார்’ அடுத்த வரி. எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த ‘னடி’யிலேயே கண் நின்றது. “தம்பி, இது இறைவன், அடி. ரெண்டு வார்த்தை. இறைவனோட காலடி” என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதுவரை அதை ஒரே சத்தமாகத்தான் டைப் செய்திருக்கிறான், எத்தனையோ பேருக்கு. பிறகு ‘இறைவன்’ என்று மேலே வைத்து, ‘அடி சேர்ந்தார்’ என்று கீழே இறக்கினான். நான் சொல்லாமலே, தலைப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ‘கண்ணீரஞ்சலி’யையும் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அவிழ்த்துவிட்டான்.

தமிழில் நமக்கு இருக்கிற வசதி இது. மூட்டை அவிழ்க்கலாம். இடம் போதாவிட்டால் சேர்த்து எழுதியதைப் பிரித்து, இரண்டு முழுச் சொற்களாக நிறுத்தலாம். ஆனால் எல்லாவற்றையும் அவிழ்க்க முடியாது. தொழிற்பேட்டை போன்ற பெயர்கள் இறுகிவிட்டவை. ஊர்ப் பெயர்கள் அதைவிட இறுகியவை.

ஊர்ப் பெயரைப் பற்றித்தான் உங்களிடம் கூடுதலாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் எந்தப் பலகையிலும் கடைசி வரி அதுதான், இடம் போதாமல் உடைவதும் அதுதான். திருநின்றவூரை ‘திருநின்’ ‘றவூர்’ என்று உடைத்த ஒரு வேனை நான் தினமும் பார்க்கிறேன். திரு, நின்ற, ஊர். பேச்சில் தின்னனூர் என்று சுருங்கிவிட்ட ஊர் அது. எழுத்திலாவது அந்தத் திரு நின்றால்தான் பெயர் பிழைக்கும். ‘திருநின்ற’ என்று நிறுத்தி ‘வூர்’ என்று தொடங்குவதும் ஆகாது. பூவிருந்தவல்லிக்குப் பூ, இருந்த, வல்லி என்று மூட்டு. இடம் இல்லையென்றால் பூந்தமல்லி என்று போடுங்கள், மக்கள் வாயில் இருப்பதும் அதுதான். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி அரசாணை வெளியாகி, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலத்தில் நம் ஊரை எப்படி எழுதுவது என்று அவ்வளவு விவாதம் நடந்தது. தமிழில் எப்படி உடைக்கக்கூடாது என்று பேச அப்படி ஒரு நாள் வரவில்லை. கடைப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவு விதியில் இருக்கிறது. அளவு நாடாவில் ‘றவூர்’ அகப்படாது.

ஆவடி மூன்றே எழுத்து. அதை உடைக்க யாருக்கும் தேவை வராது என்று நினைப்போம். அதைத்தான் ஐந்து துண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஐந்துக்கும் இடையில் புள்ளி வைத்து, கவச வாகனம், கிடங்கு, இந்தியா என்று விரித்து, ராணுவத் தொழிற்சாலையால் வந்த பெயர் என்று பள்ளி வினாடி வினாவில்கூடக் கேட்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே வந்தது 1960-களில். விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-ல். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் போட்டபோதே அந்த ஊருக்கு ஆவடி என்றுதான் பெயர். தயவுசெய்து, யாராவது அந்தப் புள்ளிகளோடு பலகை கேட்டால் இந்த இரண்டு வருடங்களையும் அவரிடம் சொல்லுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். நான் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

லேத் பட்டறைக்காரரிடம் மறுபடியும் போனேன். பலகையை முழுவதும் மாற்ற அவரிடம் இப்போது பணம் இல்லை. கீழே உள்ள இரண்டு வரியின் மேல் மட்டும் வினைல் ஒட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஏணி அவரிடமே இருக்கிறது. அளவு எடுத்து வந்திருக்கிறேன்: நீளம் 4 அடி, உயரம் 9 அங்குலம். மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து. ‘அம்பத்தூர் தொழிற்பேட்டை’ ஒரே வரியில் நிற்கும், பின்கோடு அதன் கீழே. வெட்டித் தருகிறவர் யாராக இருந்தாலும் கூலியை நான் தருகிறேன். பிரின்ட் கொடுப்பதற்கு முன் எழுத்தைப் பார்க்க நானும் கடைக்கு வருகிறேன்.

அன்புடன்,
திருமுல்லைவாயலிலிருந்து
ஒரு பழைய புரூப் ரீடர்